உட்காரச் சொல்வது யார் வேலை?

ஜூலை 20, 2024 (கேள்வி)

ஜவுளிக்கடை ஒன்றில் மூன்று மாதத்துக்கு முன்புதான் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஆனேன். எனக்குக் கீழே 14 பெண்கள். இரண்டு பேர் என் அம்மா வயது, மற்றவர்கள் என்னை அக்கா என்பார்கள். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறார்கள். யாராவது கவுண்டரில் லேசாகச் சாய்ந்தால் "என்ன, வீடுன்னு நினைப்பா?" என்று கேட்க வேண்டும். கேட்கச் சொல்வது மேனேஜர், கேட்பது நான். போன வாரம் சூப்பர்வைசர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஏசி ஹால், மெத்தை வைத்த நாற்காலி. கருணையோடு தலைமை தாங்க வேண்டும், மனசுக்குச் சரி என்று படுவதும் செய்கிற வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். கீழே இறங்கி வந்ததும் நான் பேசிய முதல் வார்த்தை, "நேரா நில்லு." இந்த வேலையில் மனசாட்சியோடு இருக்க முடியுமா? இல்லை, விட்டுவிடுவதுதான் சரியா?

ஜூலை 20, இரவு 11.40

விட வேண்டாம். உங்கள் இடத்துக்கு வேறொருவர் வருவார், அவருக்கு இந்தக் கேள்வியே வராமல் போகலாம்.

நான் 2013 முதல் 2022 வரை சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசர். இரண்டாவது மாடி, சிந்தெடிக் சேலை. எனக்குக் கீழே 22 பேர். நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மதியம் இரண்டரையிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் மாடிப்படி பக்கம் போய் நின்றுகொள்வேன். பிள்ளைகள் கவுண்டருக்குப் பின்னால் சேலைக்கட்டு மேல் உட்காருவார்கள். மேனேஜர் தலை படியில் தெரிந்தால் நான் சத்தமாக, "பச்சை பார்டர் வந்துருச்சா?" என்பேன். எல்லாரும் எழுந்துவிடுவார்கள். மூன்று வருஷம் இது ஓடியது. ஒருநாள் மேனேஜரே என்னிடம், "அது என்னப்பா பச்சை பார்டர், எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்க, வரவே மாட்டேங்குது?" என்று கேட்டார். சப்ளையர் இழுத்தடிக்கிறான் சார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் கேமரா வைத்தார்கள். பச்சை பார்டர் அன்றோடு முடிந்தது.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும், விதிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். அவ்வளவுதான் நம்மால் முடியும்.

ஜூலை 21

நேற்று எழுதியதில் ஒரு பெரிய விஷயத்தை விட்டுவிட்டேன். உட்காருவது இப்போது சட்டப்படி உரிமை. நண்பர் ஒருவரிடம் "2022-ல் வந்ததே" என்றேன், அவர் திருத்தினார். 2021. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதாவை 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வைக்க வேண்டும் என்பது சாரம்.

இதில் எனக்கு வயிறெரிகிற இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே, 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அந்தச் சேலையை மில்லில் நெய்தவருக்கு 1948, கடையில் விரித்துக் காட்டுகிறவருக்கு 2021. பிரிட்டனில் இன்னும் முன்னால், 1899-லேயே கடைப் பெண்களுக்கு நாற்காலிச் சட்டம் வந்திருக்கிறது. மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று கணக்கே போட்டிருந்தார்கள்.

நமக்கு முன்னால் கேரளம் 2018-ல் திருத்தியது. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் வேலை செய்கிற பெண் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. அதற்காகப் போராடித்தான் உட்காருவதற்கு வந்தார்கள்.

ஆக, உங்கள் மேனேஜர் சொல்வது கடை விதிகூட இல்லை, வெறும் பழக்கம். அதை அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 21, மதியம்

"நிற்பது மரியாதை, நம்ம பண்பாடு" என்று ஒருவர் சொல்கிறார். எந்தப் பண்பாடு?

பழைய ஜவுளிக்கடையை நினைவிருக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. வாங்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். எடுத்துக் காட்டுகிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். சேலை இருவர் மடிக்கும் நடுவில் விரியும். முதலாளி ஓரமாகத் திண்டில் சாய்ந்திருப்பார். நாலு மாடி, கண்ணாடி கவுண்டர், லிஃப்ட் எல்லாம் வந்த பிறகுதான் விற்கிறவர் எழுந்து நின்றார்.

என் அப்பா பரமக்குடியில் தறி நெய்தவர். குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால்தான் மிதிக்க முடியும், நின்றால் வேலை நடக்காது. எங்கள் வீட்டில் "உட்காருடா" என்றால் வேலையைப் பார் என்று அர்த்தம். நான் சென்னைக்கு வந்து, உட்கார்ந்தால் சோம்பேறி என்று ஒன்பது வருஷம் பேசினேன். அப்பா ஒருமுறை கடைக்கு வந்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இவங்க எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஜூலை 23

கால் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் டாக்டர் இல்லை, ஆனால் நரம்பு சுருண்ட கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கெண்டைக்கால் சதை நடக்கும்போது அழுத்தி அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது நடக்காது, இரத்தம் கீழேயே தேங்கும். அதனால் நாள் முழுக்க நடக்கிறவரைவிடச் சிலை மாதிரி நிற்கிறவருக்குத்தான் பாடு அதிகம். ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்திருப்பார்கள் என்று வார்டனம்மா சொல்வார். வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கால் வைக்க வாளிக்குச் சண்டை நடக்குமாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் காலையில் "நேரா நில்லு" என்றேன். கேள்வி கேட்டவரே, நீங்கள் மட்டும் இல்லை.

ஜூலை 26

மூன்று நாளாக எழுதவில்லை. காரணம் ஒரு போன்.

என் செக்‌ஷனில் ஆறு வருஷம் இருந்த பெண், இப்போது கல்யாணமாகித் தெற்கே இருக்கிறது. பச்சை பார்டர் கதையை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தது.

"அண்ணா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நாங்க எத்தனை பேர் உட்காந்தோம்னு ஞாபகம் இருக்கா?"

எல்லாரும்தான் என்றேன்.

"நாலு பேர் அண்ணா. படிக்குப் பக்கத்து கவுண்டர் மட்டும்தான். அந்தக் கோடியில நின்னவங்களுக்கு உங்க சத்தம் கேக்காது. அவங்க எப்படி உட்காருவாங்க?"

ஒன்பது வருஷம் அந்தத் தளத்தில் நடந்திருக்கிறேன், அது நாற்பதடிக்கு மேல் நீளம். என் குரல் எதுவரை போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பக்கத்துக் கவுண்டரில் இருந்த நாலு பேரும் யார்? என்னிடம் சிரித்துப் பேசுகிறவர்கள், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களை அங்கே போட்டவனும் நான்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்புறம் சொன்னதுதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. "நீங்க உட்கார விட்ட அன்னைக்கு, ராத்திரி கடை மூடின பிறகு 'கொஞ்சம் சரக்கு அடுக்கிட்டுப் போங்கம்மா'ன்னு சொல்லுவீங்க. மத்தவங்க முடியாதுன்னுட்டுப் போயிருவாங்க. எங்களால சொல்ல முடியாது. மத்தியானம் உட்காந்தோம்ல."

நான் அதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் கணக்கு சரியாகத்தான் விழுந்திருக்கிறது. மதியம் ஒன்றரை மணி நேரம் கொடுத்து ராத்திரி முக்கால் மணி வாங்கியிருக்கிறேன். அதை நன்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

20-ஆம் தேதி நான் எழுதிய கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 26, சற்று கழித்து

கேள்வி கேட்டவர், "அப்படியானால் நல்லவராக இருப்பதே தப்பா?" என்கிறார். இல்லை. நான் பார்த்த நல்லவர் கொஞ்சம் தப்பாக இருந்தார், அவ்வளவுதான்.

ஜூலை 28

முதலாளி பக்கமும் பேச வேண்டும் என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். சரி.

எங்கள் அண்ணாச்சி பன்னிரண்டு வயதில் சென்னைக்கு வந்து ஒரு மளிகைக்கடையில் நின்றவர். "நான் நின்னுதான் வளர்ந்தேன்" என்பார், பெருமையாக. அதில் பொய் இல்லை. பட்ட கஷ்டத்தையே பயிற்சி என்று நம்பிவிட்டவரிடம் கால் வலிக்கிறது என்று சொன்னால், நாமும் முன்னுக்கு வந்துவிடுவோம் என்றுதான் சந்தோஷப்படுவார். கெட்ட மனுஷன் இல்லை. ஒரு பையனுக்கு ஆபரேஷன் செலவு முழுக்கக் கொடுத்தார். அந்தப் பையனை மேடையில் ஏற்றியும் சொன்னார், ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் சொன்னார். மூன்றாவது வருஷம் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். நன்றி கெட்டவன் என்று நாங்கள் எல்லாரும் பேசினோம். இப்போது யோசித்தால், அவன் போனதன் நியாயம் புரிகிறது.

கஸ்டமரும் சும்மா இல்லை. "பொண்ணு உட்காந்துக்கிட்டே சேலை காட்டுது" என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போன அம்மா ஒருவர் உண்டு. அவர் அதை எழுதும்போது எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஆனால் பில்லிங்கில் இருக்கிறவர் நாள் முழுக்கச் சுழல் நாற்காலியில் இருக்கிறார், அவரைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. பணம் எண்ணுகிறவர் உட்காரலாம் போலிருக்கிறது.

ஜூலை 31

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை யாரோ எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி ஒரு மகான், அவரைப் போல வாழ நம்மால் முடியுமா என்று. மகான் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம்.

அவர் வடமலாபுரம் கிராமத்துக்காரர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போய், அந்த விரல்களோடு கண் அறுவை செய்யப் பழகியவர். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு, கூடப்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் பார்ப்பது வேறொன்றை. எங்கள் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் கவனித்தேன். பணம் கட்டிப் பார்க்கும் பக்கமா, இலவசப் பக்கமா என்று வருகிறவரே முடிவு செய்கிறார். உன் வீட்டில் என்ன வருமானம், ரேஷன் கார்டு எங்கே, நீ ஏழைதானா என்று கவுண்டரில் யாரும் துருவவில்லை. கட்ட முடிந்தவர் கட்டுகிற பணத்தில் முடியாதவர் செலவும் ஓடும்படி கணக்கையே அமைத்துவிட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாது என்றதும் 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி இங்கேயே செய்தார்கள்.

கவுண்டரில் இருக்கும் பெண் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பெரியம்மாவுக்குக் கண் தெரியும். பெரியம்மா யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. யாருக்கும் ராத்திரி சரக்கு அடுக்கித் தர வேண்டியதும் இல்லை.

என் பச்சை பார்டரில் இல்லாதது அதுதான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தள்ளுபடியும் சேர்ந்து கடைத்தெருவில் நடக்க இடமில்லை. கேள்வி கேட்டவர் இன்றைக்கு இதைப் படிக்கப் போவதில்லை, அவர் நிற்கிறார்.

ஆகஸ்ட் 6

சட்டம் வந்த பிறகு உங்கள் கடையில் என்ன நடந்தது என்று கேட்டதற்குப் பதில்.

பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, தளத்துக்கு இருபது. ஒரு வாரம் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கஸ்டமர் இல்லாதபோது மட்டும்" என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பெரிய கடையில் தளத்தில் யாராவது ஒரு கஸ்டமர் எப்போதும் இருப்பார், அதனால் அதற்கு ஒருபோதும் வேண்டாம் என்றுதான் பொருள். ஒரு மாதத்தில் ஸ்டூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டுவிட்டன. ஒன்றின் மேல் பொம்மை நின்றது. இரண்டின் மேல் ஜாக்கெட் பிட் பெட்டி. ஆய்வுக்கு யாராவது வருவதாகத் தகவல் வந்தால் இறக்கி வைப்போம். ஆக, அந்தக் கடையில் உட்கார்ந்தது சரக்கு.

2022 பொங்கல் சீசன் முடிந்த பிறகு ஒருநாள் மேனேஜரிடம் போனேன். தைரியம் எல்லாம் இல்லை, அப்போதே வேலையை விடுவதாக முடிவு செய்திருந்தேன். அதனால் அதைத் துணிச்சல் கணக்கில் எழுத வேண்டாம். பாவம் சார், கால் வலிக்குது சார் என்று முன்பு இரண்டுமுறை கேட்டிருந்தேன். "உனக்கு இளகின மனசுப்பா" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். இந்தமுறை தாளில் கட்டம் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம், ஒரே சமயத்தில் மூன்று பேர், யாருக்கு எப்போது என்று பெயரோடு. சாப்பாட்டு ஷிஃப்ட் போடுகிறோமே, அதே மாதிரி. அவர் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வேண்டாம். மத்த நாள் போட்டுப் பாரு."

அவ்வளவுதான். இரண்டு வருஷம் கெஞ்சியது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கெஞ்சினால் அவர் என்னைப் பார்த்தார், தாளைக் கொடுத்தால் தாளைப் பார்த்தார்.

பலகையில் ஒட்டினோம். முதல் நாள் உட்கார்ந்தவர் அந்தக் கோடிக் கவுண்டரில் ஒன்பது வருஷமாக நின்ற ஒரு அக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சின்ன ஏமாற்றம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று.

கழிப்பறைக்குப் போய்ப் பத்து நிமிஷம் வராமல் இருப்பது குறைந்தது. அங்கேதான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் மேனேஜருக்குப் புரிந்தது. அதுவரை நிமிஷக் கணக்கு எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார்.

ஐந்து மாதம் ஓடியது. நான் விலகினேன், புது மேனேஜர் வந்தார், தாளைக் கிழித்தார். ஆனால் அடுத்த வாரம் ஏழெட்டுப் பெண்கள் போய், "சார், எங்க டைம் என்னாச்சு?" என்று கேட்டார்களாம். போனில் பேசிய அதே பெண் சொன்னது. முழுசாகத் திரும்பக் கிடைக்கவில்லை, மதியம் ஒருமுறை மட்டும் கிடைத்ததாம். பச்சை பார்டர் நின்றபோது யாரும் போய் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அது அவர்களுடையதாக இருந்ததே இல்லை.

ஆகஸ்ட் 7

"இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் கடையில் எத்தனை நாற்காலி?" என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 11

நாளை என்றது நாலு நாளாகிவிட்டது.

இப்போது சொந்த ஊரில் எனக்குச் சின்னக் கடை. நைட்டி, உள்பாவாடை, ஜாக்கெட் பிட், லைனிங் துணி. வேலைக்கு இரண்டு பெண்கள். கடையில் ஒரே நாற்காலி, கல்லாவுக்குப் பின்னால். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் கையில் தயாராக இருந்தது. இடம் கிடையாது, பன்னிரண்டுக்கு இருபது அடி. கூட்டமே வராது, வேண்டும் என்றால் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். "நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்று தட்டச்சு செய்துவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் பச்சை பார்டர்.

சரி, வெள்ளிக்கிழமை இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். உட்காருங்கம்மா என்றேன். இருவரும் சரிண்ணே என்றார்கள். மாலையில் பார்த்தால் ஒன்றின் மேல் சாப்பாட்டுப் பை, இன்னொன்றின் மேல் லைனிங் துணி. நேற்றும் அப்படியே. எனக்குக் கோபம் வந்தது, வாங்கிக் கொடுத்தும் உட்கார மாட்டேன் என்கிறார்களே என்று. அப்புறம் பெரிய பெண்ணிடம் கேட்டேன், ஏம்மா உட்காரலை?

"உட்காந்தா கவுண்டருக்கு மேல தலை மட்டும்தான்ணே தெரியுது. வர்றவங்க கடையில ஆளே இல்லைன்னு போயிருவாங்க."

உட்கார்ந்து பார்த்தேன். கவுண்டர் மூன்றடி. ஸ்டூல் ஒன்றரை அடி. கண் எதிரில் கண்ணாடி விளிம்பும் ஜாக்கெட் பிட்டும்தான் தெரிந்தன. அந்தப் பெரிய கடையில் இருபது ஸ்டூலும் சரக்குக்குப் போனதற்கு மேனேஜர் மட்டும் காரணமில்லை போலிருக்கிறது. ஸ்டூல் வாங்கியவர் யாரும் அதில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 14

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கட்டம் போட்ட தாளைக் கொடுத்தாராம். மேனேஜர் "ஆடி முடியட்டும்" என்று மேஜை டிராயரில் வைத்துவிட்டாராம். இது தோல்வியா என்று கேட்கிறார். டிராயரில்தானே இருக்கிறது, குப்பைத்தொட்டியில் இல்லையே. ஆவணி பிறக்க மூன்று நாள்தான். முகூர்த்தச் சீசன் சூடு பிடிப்பதற்குள் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அந்த அம்மா வயது இருவரில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தாளில் உங்கள் பெயரையும் போட்டீர்களா? சூப்பர்வைசருக்கும் கால் இருக்கிறது.

ஆகஸ்ட் 16

ஆசாரியிடம் உயர ஸ்டூல் இரண்டு சொல்லியிருக்கிறேன். இரண்டடிக்கு மேல் வேண்டும், காலை வைக்கக் கீழே ஒரு குறுக்குக்கட்டை வேண்டும், இல்லாவிட்டால் தொங்கித் தொங்கி அதுவும் வலிக்கும். என்ன அளவு என்று கேட்டார், என் உயரத்துக்குச் சொன்னேன்.

"நீங்களா உட்காரப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். நாளைக் காலை கடைக்கே வருகிறாராம், அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து அளவெடுக்க.